ஃபிரிட்ஜ் வெளிச்சம்

ஆராய்ச்சிக்கு வந்த பெண் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருக்கிறார். சரியாக வளர்க்கவில்லை என்று அதிகாரிகள் பிள்ளையைக் காப்பகத்துக்குக் கொண்டுபோன பிறகு வீடு எப்படி இருக்கிறது என்று ஆய்வாளர்கள் இப்போதெல்லாம் பெற்றவர்களிடமே கேட்கிறார்கள். அதற்காகத்தான் வந்திருக்கிறார். சொல்லியும், அப்படிப் பிள்ளையைப் பிரிந்த இந்த வீட்டு அம்மாவின் காதில் அது ஏறவில்லை. துடைத்து ஈரம் காயாத தரையில் ஓடிப்போய் ஃபிரிட்ஜைத் திறக்கிறாள். வெளிச்சம் அவள் முகத்தில் விழுகிறது. "பாருங்க மேடம், பால், முட்டை எல்லாம் இருக்கு. கத்துறதையும் விட்டுட்டேன். ஊமையாயிட்டியாடின்னு பக்கத்து வீட்டுல கிண்டல் பண்றாங்க." "அக்கா, நான் கேட்டு எழுதத்தான் வந்தேன். பாப்பாவ அனுப்புறது என் கையில இல்லக்கா." ஃபிரிட்ஜ் உறுமுகிறது. அவள் கதவை மூடாமல் முட்டைகளை ஒவ்வொன்றாக நேராக்கி வைக்கிறாள். "சரிங்க மேடம். அப்ப இன்னிக்கு சாயந்திரமே போய்க் கூட்டிட்டு வந்துரட்டுமா?"