ஒரு டப்பா மரத்தூள்

"இந்த ஓட்டை டப்பாவை ஞாயித்துக்கிழமைக்குள்ள இங்கேருந்து கிளப்பிடணும். சொல்லிட்டேன்!"

குடியிருப்பின் செக்ரட்டரி சொன்னது அவளுடைய பழைய காரைத்தான். ஆனால் தன்னையே சொன்னது போல அவளுக்கு முகம் சுருங்கிவிட்டது. வீட்டில் அவளுக்குப் 'படிப்ஸ்' என்று பெயர். யார் அதட்டினாலும் முதலில் தன் மேல்தான் தப்பு என்று நினைக்கிற ஜாதி.

"தினமும் விடிஞ்சா தரையெல்லாம் ஈரம். யாராவது வழுக்கி விழுந்தா யார் பதில் சொல்றது? நானே எழுந்து வந்து என் கையால மரத்தூள் தூவிக்கிட்டிருக்கேன். பக்கத்துல என் வண்டி நிக்குது பாரும்மா. வாங்கி ஒரு வருஷம் ஆகல. ஒரு சொட்டு உண்டா?"

"இல்ல சார்."

"பின்னே?"

பின்னே என்ன? அவள் வண்டியில் கூலன்ட் குறைவது உண்மை. இன்ஜின் சூட்டைத் தணிக்கிற திரவம். ஊற்ற ஊற்ற எங்கேயோ போய்க்கொண்டிருந்தது. தரையில் மரத்தூள் ஊறிக் கிடந்ததும் உண்மை.

"மன்னிச்சுக்குங்க சார். சரி பண்ணிடறேன்."

மாடியில் அம்மா தையல் மெஷினை நிறுத்தினாள். கடைகளுக்குத் திரைச்சீலை தைத்துக் கொடுப்பதுதான் அம்மாவின் தொழில். முழங்கால் வலியோடு மூட்டைகளைப் பஸ்ஸில் ஏற்றி இறக்க முடியாது. வண்டி போனால் தொழிலும் போச்சு.

"மெக்கானிக் என்ன சொல்றான்?"

"இன்ஜினையே இறக்கணுமாம். அதுக்கு வித்துடலாம்ங்கறார்."

"வண்டியைப் பாத்தானா?"

"போன்லதான் சொன்னார்."

"போன்லயே நாடி பிடிக்கிறவனை நம்பாதே. நீயே பாரு. காலேஜ் படிச்சவதானே?"

"நான் படிச்சது வரலாறும்மா."

"அதனால என்ன, வண்டியும் அந்தக் காலத்துதுதானே!"

சனிக்கிழமை மத்தியானம் பானெட்டைத் திறந்தாள். ரேடியேட்டரைத் தடவிப் பார்த்தாள். காய்ந்திருந்தது. ரப்பர் குழாய்களை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. கை கறுப்பானதுதான் மிச்சம்.

"கண்ணுக்குத் தெரியலம்மா."

"தெரியலேன்னா தெரியற மாதிரி பண்ணு. கறை எதுல பளிச்சுனு தெரியும்? வெள்ளைத் துணியிலதானே?" என்று அம்மா ஒரு பை நிறையத் துண்டுத் துணிகளைக் கொண்டுவந்து கொட்டினாள். திரைச்சீலையின் உள்துணி வெட்டியதில் மிச்சம்.

படிப்ஸுக்குப் பொறி தட்டியது. எங்கெல்லாம் குழாய் வந்து சேர்கிறதோ அங்கெல்லாம் ஒரு வெள்ளைத் துணியைச் சுற்றிக் கட்டினாள். தெருவைச் சுற்றி ஓட்டிவிட்டு வந்து, சூடு ஆறும்வரை காத்திருந்து, ஒவ்வொன்றாக அவிழ்த்தாள்.

வெள்ளை. வெள்ளை. இதுவும் வெள்ளை.

கடைசியாக, இன்ஜினுக்குப் பின்னால், எட்டிப் பார்த்தாலும் தெரியாத சந்தில், ஹீட்டருக்குப் போகிற குழாயின் முனை. அந்தத் துணி மட்டும் ரோஸ் நிறத்தில் நனைந்திருந்தது. அவள் ஊற்றிக்கொண்டிருந்த கூலன்ட்டின் அதே ரோஸ்.

"அம்மா! மாட்டிக்கிச்சு!"

குழாயின் முனை வெடித்திருந்தது. இறுக்கிப் பிடிக்கும் கிளிப் துருப்பிடித்துத் தளர்ந்திருந்தது. வெடித்த முனையைக் கொஞ்சம் வெட்டி எறிந்துவிட்டு, குழாயை மறுபடி உள்ளே தள்ளி, கடையில் வாங்கிவந்த புதுக் கிளிப்பை மாட்டினாள்.

"டார்ச்சை இந்தப் பக்கம் காட்டும்மா! நேரா!"

"பிடிக்கிறது நான், அதட்டறது நீயா? பெரிய மெக்கானிக்கு!"

கூலன்ட் ஊற்றி மறுபடி துணி கட்டி, மறுபடி ஓட்டி, மறுபடி அவிழ்த்தபோது, துணி கட்டினபடியே வெள்ளையாக இருந்தது. அம்மா அதைக் கொடி மாதிரி தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் படியேறினாள். முழங்கால் வலி அப்போது எங்கே போனதென்று தெரியவில்லை.

ஆனால் சாப்பிடும்போது படிப்ஸ் கையை நிறுத்திவிட்டாள்.

"ஏம்மா, ஒழுகினதெல்லாம் சூடான இன்ஜின் மேலேயே விழுந்து ஆவியாப் போயிருக்கு. இன்ஜினுக்கு அடியில தடவிப் பாத்தேன், சுத்தமா காஞ்சிருக்கு. அப்போ தரையில ஈரம் எப்படி?"

"ஜெயிச்ச அன்னிக்காவது நிம்மதியாத் தூங்குடி!"

தூங்கினால்தானே? இன்னொரு ஓட்டை இருந்துவிட்டால்? ஞாயிற்றுக்கிழமை, வெளிச்சம் வருவதற்கு முன்பே டார்ச்சோடு இறங்கிப்போய் வண்டிக்கு அடியில் படுத்துவிட்டாள்.

அவள் பக்கத்துத் தரை காய்ந்து கிடந்தது.

டார்ச்சைத் திருப்பினாள். பக்கத்தில் நின்ற செக்ரட்டரியின் புதுக் காருக்கு அடியில் ஈரம் மினுமினுத்தது. அவள் கூலன்ட் போல ரோஸ் இல்லை, பச்சை நிறம். மேலேயிருந்து இன்னொரு பச்சைச் சொட்டு விழுந்தது.

அப்போதுதான் செருப்புச் சத்தம் கேட்டது. டார்ச்சை அணைத்தாள்.

வாசல் விளக்கின் மங்கல் வெளிச்சத்தில் செக்ரட்டரியின் கால்கள். கையில் டப்பா. அவர் குனிந்து, முதலில் தன் காருக்கு அடியில்தான் மரத்தூளைத் தூவினார். பச்சை மொத்தமும் மறைகிற வரைக்கும் தூவினார். பிறகு, ஊறிய தூளைச் செருப்புக் காலால் கொஞ்சம் கொஞ்சமாக அவள் வண்டிப் பக்கம் தள்ள ஆரம்பித்தார்.

'மன்னிச்சுக்குங்க சார்' என்று பழகிப்போன வாய், இன்று வேறு ஒன்றைச் சொன்னது. வண்டிக்கு அடியிலிருந்து, மிகவும் மரியாதையாக:

"இன்னும் ஒரு முழம் தள்ளுங்க சார். என் வண்டி வரைக்கும் வரல."