மூன்றாம் மைல் போல்ட்

"வேண்டாங்க கிராணி ஐயா. போல்ட்டே இருக்கட்டும்."

டிராக்டர் டிரைவர் மருதமுத்து இப்படிக் கெஞ்சி யாரும் பார்த்ததில்லை.

தோட்டக் கணக்கு பார்க்கும் கிராணி விஜயரட்ணம் காதில் வாங்காமல் ஸ்டோர் மேசைமேல் பெட்டியைத் திறந்தார். புல் வெட்டு மெஷினோடு வந்து ஆறு மாதமாகச் சும்மா கிடந்த கிளட்ச் உள்ளே இருந்தது.

அது ஐம்பத்திரண்டாம் வருஷம். மலாயாவில் கம்யூனிஸ்டுகளை ஒடுக்கப் போட்ட அவசரகாலம். சிம்பாங் அம்பாட் பக்கத்துத் தோட்டம். ரோட்டோரப் புல்லில் ஆள் பதுங்கக் கூடாது என்று, டிராக்டருக்குப் பின்னால் சுழல் கத்தியைப் பூட்டி லாலாங் புல்லை வெட்டச் சொல்லியிருந்தார் துரை. கத்தி மரக்கட்டையில் மோதினால் இணைப்பில் உள்ள ஒரு மெல்லிய போல்ட் முறியும், கியர்பாக்ஸ் தப்பிக்கும். டிரைவர் இறங்கி, அடியில் படுத்து, வேறு போல்ட் போட வேண்டும்.

"போன மாசம் நீங்கதானே ஐயா கிளட்ச் வேண்டாம்னீங்க? மழையில துரு புடிச்சு ஒட்டிக்கும், அப்புறம் கியர்பாக்ஸே போயிரும்னு?"

"ஓம், சொன்னனான். இப்ப மாத்திச் சொல்லுறன். துருப் பிடிக்காமல் சின்னத்தம்பி பார்ப்பான்."

"போல்ட்டுன்னா பத்து நிமிஷ வேலைங்க."

"இது வழுக்கும், பிறகு தானாகப் பிடிக்கும். நீ இறங்கத் தேவையில்லை."

"இறங்குறதுல எனக்குக் கஷ்டமில்லைங்க."

"எனக்குக் கஷ்டம்."

ஸ்பேனரோடு நின்ற பிட்டர் சின்னத்தம்பி சிரித்தான். "அண்ணனுக்கு ரோக்கோ பத்தவச்சு இழுக்கிற நேரம் போச்சுலா!"

மருதமுத்து சிரிக்கவில்லை. முறிந்த போல்ட்டை மேசைமேல் வைத்தான். பழசைக் கொடுத்தால்தான் புதுசு; எந்தத் தேதி, எந்த மைலில் முறிந்தது என்று கிராணி சுவரில் தொங்கும் அட்டையில் எழுதிக்கொள்வார். அன்று சுவரில் வெறும் ஆணி மட்டும் இருந்தது.

"அட்டை எங்கங்க ஐயா?" என்றான் சின்னத்தம்பி.

"இனி அட்டை வேண்டாம். கிளட்சைப் பூட்டு."

மருதமுத்துவின் மகன் சடையன் கம்யூனிஸ்டுகளோடு சேர்ந்து காட்டுக்குள் போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. தெரிந்தால் போலீஸ் குடும்பத்தையே பிடித்துப் போகும்; அதனால் சிங்கப்பூரில் வேலை என்று தொழிலாளர் லயத்தில் சொல்லி வைத்திருந்தார்கள்.

காட்டுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாதென்று தோட்டத்துக் கேட்டில் சோதனை கடுமை. ஒரு பிடி சோறு வெளியே போக முடியாது. தாய் மீனம்மா சோற்றை வாழையிலையில் கட்டி, கிரீஸ் டின்னின் அடியில் வைத்து, மேலே கிரீஸைப் பூசிக் கொடுப்பாள். காவலுக்கு வரும் மலாய்ப் போலீஸ்காரர் டிராக்டரை வழியில் நிறுத்த விடமாட்டார். போல்ட் முறிந்தால் மட்டும் விடுவார்.

மூன்றாம் மைலில் ஒரு பழைய ரப்பர் மரத்தின் அடிக்கட்டை இருந்தது. செவ்வாயும் வெள்ளியும் மருதமுத்து கத்தியை வேண்டுமென்றே அதில் மோதவிடுவான். இறங்கிப் படுத்து, டின்னைத் திறந்து, பொட்டலத்தைப் புல்லுக்குள் தள்ளிவிடுவான்.

இந்தச் செவ்வாயும் மோதினான். கிளட்ச் கிறீச்சிட்டது. லேசாகப் புகைந்தது. பிறகு பிடித்துக்கொண்டது.

"ஜாலான் லா, ஜாலான்!" போ என்று கையை ஆட்டினார் போலீஸ்காரர்.

மருதமுத்து போனான்.

சாயங்காலம் மீனம்மா டின்னைத் திறந்தாள். சோற்றைக் கோழிக்குப் போட்டாள்.

வெள்ளிக்கிழமையும் அதே கதைதான்.

ஞாயிறு காலை ஆபீஸ் வாசலில் போலீஸ் லாரி வந்து நின்றது. படுதாவின் மேல் ஓர் உடல். அடையாளம் காட்டச் சொல்லி லயத்து ஜனங்களை வரிசையில் நிறுத்தினார்கள்.

"மூணாம் மைல்ல புல்ல விட்டு வெளிய வந்து, மண்ணுல எதையோ தேடிக்கிட்டு இருந்தானாம், சுட்டுட்டாங்களாம்," என்று வரிசையில் ஒருத்தி முணுமுணுத்தாள்.

மருதமுத்து பார்த்தான். "தெரியாதுங்க."

மீனம்மா பார்த்தாள். "தெரியாதுங்க."

அந்த லயத்தில் பிறந்து வளர்ந்த சடையன்தான் அவன். பின்னால் நின்ற மங்களம் தெரியாது என்றாள். சின்னத்தம்பி தெரியாது என்றான். அறுபத்து மூன்று பேரும் தெரியாது என்றார்கள்.

மீனம்மா தண்ணீர்க் குழாய்வரை நடந்தாள். அங்கே உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை.

மருதமுத்து ஆபீஸ் வராந்தாப் பக்கம் வந்தான். கிராணி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஒரு போல்ட்டுங்க ஐயா," என்றான், வேறு யாருக்கும் கேட்காத குரலில். "ஒரே ஒரு போல்ட்டு. மொறிய விட்டிருந்தா அவன் தின்னிருப்பான். வெளிய வந்திருக்க மாட்டான். ஒங்க வீட்டுல சோறு எறங்குமாங்க?"

கிராணியின் சப்பாத்துக் காலருகே காறித் துப்பிவிட்டு, மீனம்மாவிடம் போனான்.

கிராணி எச்சிலைத் துடைக்கவில்லை.

உள்ளேயிருந்து இன்ஸ்பெக்டர் வந்தார். கையில் ஓர் அட்டை.

"இந்தாருங்கள் கிராணி, உங்கள் போல்ட் அட்டை. போன வாரம் ஸ்டோர் சுவரில் இதைப் பார்த்து எடுத்துப் போனது நல்லதாகப் போயிற்று. செவ்வாய், மூன்றாம் மைல். வெள்ளி, மூன்றாம் மைல். எவ்வளவு சுத்தமான கையெழுத்து!"

கிராணி வாங்கிக்கொண்டார். அவருடைய கையெழுத்துதான்.

"டிராக்டரை விட்டு எவன் இறங்கினாலும் சுடச் சொல்லி செவ்வாயிலிருந்து இரவும் பகலும் அங்கே ஆள் போட்டிருந்தேன். உங்கள் டிரைவர் இறங்கவே இல்லையே! ஏன்?"

கிராணி குழாயடியைப் பார்த்தார். மருதமுத்து மனைவியைக் கைத்தாங்கலாகத் தூக்கிக்கொண்டிருந்தான்.

"புதுக் கிளட்ச், சேர்," என்றார். "இனி அவன் இறங்கத் தேவையில்லை."