பட்டனம்மாவின் பார்வையாளர்கள்

“அந்தப் போக்கிரிப் பய மட்டும் என் கையில கிடைக்கட்டும்!” என்றார் பட்டனம்மாவின் தம்பி.

“தோலை உரிச்சிடலாம் சார்!” என்று அந்தக் கூட்டத்திலேயே சத்தமாகச் சொன்னவன் நான்.

அந்தப் போக்கிரிப் பயலும் நான்தான்.

எங்கள் அடுக்குமாடியின் பொது ஹாலில் பட்டனம்மாவுக்கு இரங்கல் கூட்டம். தரைத்தளத்தில் தனியாக இருந்தவர். நாற்பது வருஷம் ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் தையல் வேலை. துவைக்கும்போது உதிர்ந்த பட்டன்களை எடுத்துக்கொண்டு, சொந்தக்காரரைத் தேடி வார்டு வார்டாகப் போவாராம். “எனக்கெதுக்கும்மா அது, நீங்களே வெச்சுக்கோங்க” என்று அவர்கள் சொன்னால்தான் வீட்டுக்கு எடுத்து வருவார். வீடு முழுக்க மருந்து பாட்டில்களில் பட்டன். ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு. ‘தீயணைப்புக்காரர் கோட்டு. பிழைத்துக்கொண்டார்.’ ‘குழந்தை கவுன். முதல் துவைப்பு.’

எனக்கு இருப்பது ஒரே திறமை. எங்கள் அடுக்குமாடி செகரட்டரியின் “அதாவது பார்த்தீங்கன்னா”விலிருந்து பிரின்சிபாலின் தும்மல் வரை, யார் குரலும் வரும். மார்க்தான் வராது.

இரண்டு வருஷம் முன்னால் ஒரு சனிக்கிழமை, தொண்டையில் ஒரு கிலோ கரகரப்பை ஏற்றிக்கொண்டு பட்டனம்மாவின் லேண்ட்லைனுக்குப் போன் போட்டேன்.

“ம்ஹும்… அருங்காட்சியக இயக்குநர் பேசறேன். நாளைக்கு நாலு மணிக்கு உங்க சேகரிப்பைப் பார்வையிட வர்றேன்.”

“அப்படியா! வாங்க, வாங்க ஐயா!”

மறுநாள் நாலு மணிக்கு வேடிக்கை பார்க்க இறங்கினேன். பாட்டிலெல்லாம் பளபளவென்று இருந்தது. பட்டனம்மா நல்ல புடவை கட்டி, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

“இயக்குநர் வர லேட்டாகும் போலடா. அதுவரைக்கும் நீ வந்து பாரேன்.”

பார்த்தேன். ஆறு மணி வரை பார்த்தேன். கேக் வேறு. ஏமாற்றியதும் நான், கேக் தின்றதும் நான். என் மூளையை நினைத்து எனக்கே புல்லரித்தது.

அப்புறம் மாதம் ஒரு போன். வெளிநாட்டுப் பேராசிரியர், டிவி நிருபர் அம்மணி, ஓய்வுபெற்ற நீதிபதி. அந்தப் பெரிய மனிதர்கள் யாரும் வரமாட்டார்கள். நான் மட்டும் ‘தற்செயலாக’ அந்தப் பக்கம் போவேன்.

இப்போது தம்பி ஒரு தடி நோட்டைத் தூக்கிக் காட்டினார். அட்டையில் ‘பார்வையாளர்கள்’ என்றிருந்தது.

“பெரிய பெரிய ஆளுங்கல்லாம் வர்றாங்கடான்னு அக்கா போன்ல எப்பவும் சொல்லும். அதை நம்பி, இந்தப் பட்டனையெல்லாம் எடுத்துக்குவாங்களான்னு கேக்க நேத்து அருங்காட்சியகத்துக்குப் போன் பண்ணி, ‘உங்க இயக்குநர் ஐயாவே வந்து பார்த்தாரே’ன்னேன். ‘எந்த ஐயா? பத்து வருஷமா நான்தாங்க இயக்குநர்’ங்குது ஒரு அம்மா!”

ஹாலே கொதித்தது. செகரட்டரி எழுந்தார். “அதாவது பார்த்தீங்கன்னா, வயசானவங்களை ஏமாத்தறவன் மனுஷனே கிடையாது!”

“கிடையவே கிடையாது!” என்றேன். அம்மா என்னைப் பெருமையாகப் பார்த்தாள்.

“இதுல என்னமோ குறிப்பெல்லாம் எழுதியிருக்கு. பொடி எழுத்து, எனக்குத் தெரியலை” என்றார் தம்பி.

“இவன் படிப்பான் சார். இவனுக்கு வாய் மட்டும்தான் இருக்கு” என்று அம்மா என்னை முன்னால் தள்ளிவிட்டாள்.

நோட்டை வாங்கிப் பிரித்தேன்.

“அருங்காட்சியக இயக்குநர்” என்று கம்பீரமாகத்தான் ஆரம்பித்தேன். “குறிப்பு: குரல் நல்ல கனம். பேசும்போது பின்னால் ‘டேய், பால் பொங்குது, அடுப்பை அணைடா’ என்று ஓர் அம்மா கத்தினார்.”

ஹாலில் எல்லாரும் சிரித்தார்கள். அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

“அப்போ அக்காவுக்கு முதல் நாளே தெரியுமா?” தம்பி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். “மேல படிப்பா.”

“வெளிநாட்டுப் பேராசிரியர். நல்ல முன்னேற்றம். கேக்கில் இருந்த திராட்சையை ஒதுக்கி வைத்தார். அடுத்த தடவை திராட்சை போடக் கூடாது… நீதிபதி. இருமல் கொஞ்சம் அதிகம். தீயணைப்புக்காரர் கதையை மறுபடி கேட்டார்.”

கடைசிப் பக்கம். போன மாதத் தேதி.

“இந்த மாசம் யாரும் கூப்பிடவில்லை. பரீட்சையாக இருக்கும். பாட்டிலைத் துடைத்து வைத்தாச்சு.”

பரீட்சையெல்லாம் இல்லை. எனக்கு அலுத்துப்போயிருந்தது. அவ்வளவுதான்.

அந்தப் பக்கத்தில் ஒரு வெள்ளைச் சட்டை பட்டன் ஒட்டியிருந்தது. கீழே வழக்கமான சீட்டு.

“அதுல பேர் இருக்கா பாரு!” என்றார் செகரட்டரி.

படித்தேன். “வாசலில் விழுந்தது. யாருடையது என்று தெரியும், எழுதமாட்டேன். வந்து கேட்டால் கொடுக்கணும்.”

“அட, பேரைக் காணோமே!” செகரட்டரிக்கு ஏமாற்றம்.

நான் தப்பித்துவிட்டேன். நோட்டை மூடிக் கொடுத்துவிட்டு, யார் குரலிலாவது இன்னொரு தடவை திட்டிவிட்டு, போய் உட்கார வேண்டியதுதான் பாக்கி.

“சார்… அந்தப் பட்டன் என்னுது. குடுத்துடுங்க” என்றேன்.

என் சொந்தக் குரல்தான். அது அப்படி நடுங்கும் என்று அதுவரை எனக்கே தெரியாது.