மூன்றடிக்கு ஆறடி

“கணக்கெல்லாம் சரியாத்தான் போட்டேன் டீச்சர். ஆனா போர்வை மூணு அங்குலம் குறையுது!”

அவள் மருந்துக்கடைக் கல்லாவில் உட்கார்பவள். பாக்கிச் சில்லறையில் ஒரு நாளும் தப்பு வந்ததில்லை. அப்பேர்ப்பட்டவளை ஒரு போர்வை பாடாய்ப் படுத்திக்கொண்டிருந்தது.

பையைக் கவிழ்த்தாள். மகனின் பழைய சட்டைகளை வெட்டி, கட்டம் கட்டமாய்ச் சேர்த்த ஒட்டுத்துணிப் போர்வை மேசை முழுக்க விரிந்தது. கட்டத்துக்கு ஒரு நட்சத்திரம். இன்னும் அடித்துணி வைக்கவில்லை.

தையல் வகுப்பு நடத்தும் டீச்சர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினாள். “வேலை சுத்தமா இருக்கே! யாருக்கு?”

“பையனுக்கு. ஹாஸ்டல்ல இருக்கான். முதல்ல பன்னிரண்டு அங்குலக் கட்டமா வச்சுப் பெரிசா தைச்சுக் கொண்டுபோனேன். மூணடிக்கு ஆறடிதான் இருக்கணும்னு வாசல்லயே திருப்பிட்டாங்க.”

டேப்பை எடுக்கப் போன டீச்சரின் கை சற்று நின்றது. பிறகு எடுத்தது.

“ஒரு பக்கம் வெட்டினா நட்சத்திரம் பாதிப் பாதியா போயிடும். மனசு வரலை. அதான் மொத்தத்தையும் பிரிச்சு, கட்டத்தையே ஒன்பது அங்குலமாக்கிட்டேன்.”

“போர்வையை அளந்து பார்க்கிற ஹாஸ்டலா?” பக்கத்து மெஷினில் ஓரம் அடித்துக்கொண்டிருந்த பெண் தலையை நீட்டினாள். ஊர்வம்பு என்றால் அவளுக்குச் சாப்பாடே வேண்டாம். “அப்படி என்ன காலேஜ்க்கா அது? லீவுக்குக்கூட விட மாட்டாங்களா?”

“ரொம்பக் கண்டிப்பான இடம்மா. மூணு வருஷம்.” அவள் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“நீ உன் ஊசியைப் பாரு. விரல்ல ஏத்திக்காதே!” என்றாள் டீச்சர். பேச்சு அத்தோடு நின்றது. அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

“சரி, எப்படிச் சுருக்கினீங்க?”

“ஜெராக்ஸ் கடையில பேட்டர்னைக் குடுத்து முக்கால்வாசியா எடுக்கச் சொன்னேன். பன்னிரண்டுல முக்கால் ஒன்பதுதானே டீச்சர்?”

டீச்சர் வாய்விட்டுச் சிரித்தாள். “ஜெராக்ஸ் மெஷினுக்குத் தையல் தெரியுமா? நட்சத்திரத்தைச் சுருக்கினப்போ, ஒவ்வொரு துண்டைச் சுத்தியும் தையலுக்கு விட்டிருந்த கால் அங்குலத்தையும் சேர்த்துச் சுருக்கிடுச்சு. நீங்க தைக்கும்போது பழக்கதோஷத்துல முழுக் கால் அங்குலம் பிடிச்சுட்டீங்க. தைச்சு முடிஞ்சா என்ன அளவு வரணுமோ, அதை மட்டும்தான் முதல்ல சுருக்கணும். தையலுக்கு விடுறதை அப்புறமா தனியா சேர்க்கணும்.”

“அட, ஆமா!”

“ஒரு கட்டத்துல ஒண்ணும் தெரியாது. எட்டுக் கட்டம் வரிசையா வந்தா மூணு அங்குலம் முழுங்கிடும்.”

அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். “திரும்பவும் பிரிக்கணுமா? ஞாயித்துக்கிழமை பார்க்க விடுவாங்க டீச்சர். போன தடவை பேசினப்போ மூக்கடைச்சுக் குரலே வரலை அவனுக்கு. குளிருதாடான்னா, இல்லம்மாங்கிறான். பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. எங்க வீட்டு நெட்டையன்... மூணு அங்குலம் குறைஞ்சா கால் வெளியில நீட்டிக்கிட்டு நிக்கும்.”

கண் கலங்கிவிட்டது. பக்கத்து மெஷின் பெண் பார்த்துவிடக் கூடாதே என்று குனிந்து, இல்லாத நூலைத் துணியிலிருந்து பொறுக்கினாள்.

“பிரிக்கவே வேண்டாம். நாலு ஓரத்துலயும் பட்டி குடுத்தா அளவு டாண்ணு வந்துடும். உங்க பழைய துணி ஏதாவது இருக்கா?”

“என்னோடதா?”

“சுத்தி அம்மா துணி இருந்தா பிள்ளைக்குக் கதகதப்பாத்தானே இருக்கும்?”

டீச்சரே பட்டியின் அகலத்தைக் கணக்குப் போட்டு, சாக்கட்டியால் போர்வையின் ஓரத்தில் குறித்துக் கொடுத்தாள். காசு நீட்டியபோது கையைத் தள்ளிவிட்டாள். அவளுக்கு நெஞ்சு லேசானது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

டீச்சர் மாடிப்படி வரைக்கும் கூடவே வந்தாள். மெஷின் பெண்ணின் காதுக்கு எட்டாத இடம் வந்ததும் குரலைத் தாழ்த்தினாள்.

“ஒண்ணு சொல்றேன். உள்ளே பஞ்சு வைக்காதீங்க. கனமான துணியா அடியில குடுங்க, போதும். ஒரு பக்க ஓரத்தை மட்டும் தைக்காம விட்டுக் கொண்டுபோங்க. கையோட ஊசி நூலும் எடுத்துக்குங்க. அவங்க உள்ளே கைவிட்டுத் துழாவிப் பார்த்ததும், அங்கேயே உட்கார்ந்து தைச்சுக் குடுத்துடலாம்.”

“ஹாஸ்டல்ல எதுக்கு டீச்சர் அப்படியெல்லாம்...” அவள் படியில் இறங்கப் பார்த்தாள்.

டீச்சர் அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“மூணடிக்கு ஆறடின்னு நீங்க சொன்னப்பவே புரிஞ்சுடுச்சும்மா. அதே ஜெயில் வாசல்லதான், என் பையனுக்கு நான் தைச்சுக் கொண்டுபோன போர்வையைப் பிளேடால கிழிச்சுப் பார்த்துட்டு உள்ளே விட்டாங்க.”