கமிட்டி வந்த மத்தியானம்

“போர்வையை இழுத்து விடு! கிழிஞ்ச மெத்தை பல்லை இளிக்குது பாரு!”

நிர்வாகி கத்தி முடிப்பதற்குள் கோட்டுக்காரர் மாடிப்படி ஏறி வந்துவிட்டார். நிர்வாகியின் குரல் சட்டென்று வெண்ணெயானது. “விருதுக் கமிட்டிலருந்து சார் வந்திருக்காரு. எல்லாரும் வணக்கம் சொல்லுங்க.”

ஆதரவற்ற பெண்களுக்கான காப்பகம் அது. பன்னிரண்டு கட்டில்கள். ஒரு வாரமாகப் பழக்கியபடியே பத்துப் பேர் கோரஸாக வணக்கம் சொன்னார்கள். வருடா வருடம் சமூக சேவைக்குக் கொடுக்கிற விருது. கிடைத்துவிட்டால் நிர்வாகி மேடை மேடையாக ஏறி மாலை வாங்கலாம்.

வாயைத் திறக்காதவர்கள் இரண்டு பேர். கால் ஒன்று விளங்காத தையல்காரி, அடுத்த கட்டிலில் இடுப்புக்குக் கீழே அசைவில்லாத அவளுடைய தங்கச்சி. கூடப் பிறந்தவள் இல்லை, இங்கே வந்து வாய்த்தவள்.

தங்கச்சிக்கு முதுகில் படுக்கைப் புண், உள்ளங்கை அகலத்துக்கு. பத்து நாளாக டாக்டரைக் கூப்பிடச் சொல்லித் தையல்காரி நடையாய் நடந்தாள். பத்து நாளும் ‘நாளைக்கு’ என்றார்கள். இன்று காலையில் ஒரு வழியாக ஆள் வந்தான். டாக்டர் இல்லை, சென்ட் பாட்டிலோடு வந்த வாட்ச்மேன். கட்டிலைச் சுற்றிப் புஸ் புஸ்ஸென்று அடித்துவிட்டுப் போனான். அப்போதிலிருந்து தையல்காரிக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது.

“சார், ஒரு டீ சாப்பிட்டுட்டு...” என்று குழைந்தார் நிர்வாகி.

“டீயும் வேணாம், ஒண்ணும் வேணாம். நீங்க கீழ போங்க. இவங்ககிட்ட நான் தனியாப் பேசணும்.”

நிர்வாகியின் முகம் செத்துவிட்டது. படியிறங்கினார். பரவாயில்லையே, இவருக்கு முதுகெலும்பு இருக்கிறது என்று நினைத்தாள் தையல்காரி.

கோட்டுக்காரர் கட்டில் கட்டிலாக வந்தார். “குறை ஒண்ணுமில்ல சார்”, “நல்லாப் பாத்துக்கறாங்க சார்”. பத்துக் கட்டிலும் ஒரே ஒப்பிப்பு. பதினோராவது தையல்காரி.

“உங்களுக்கு ஏதாவது குறை உண்டாம்மா?”

பக்கத்துக் கட்டிலிலிருந்து ஒரு கை அவள் முந்தானையை இழுத்தது. “அக்கா, வேணாங்க்கா. போன வருஷம் கீழ்க்கட்டு ஆயா கமிட்டிகிட்ட வாயை விட்டாங்க. விருது போச்சு. மறு வாரமே ஆயாவையும் காணோம்.”

சொந்தக்காரர்கள் வந்து அழைத்துப் போனதாக அப்போது நிர்வாகி சொன்னார். சொந்தக்காரர்கள் இருந்தால் அந்த ஆயா ஏன் இங்கே வந்து கிடக்கப் போகிறாள்!

“விடுடி கையை! நீ அழுகிச் சாவே, நான் பக்கத்துல உக்காந்து கும்பிடு போடணுமா?”

தையல்காரி கட்டில் கம்பியைப் பிடித்து எழுந்தாள். தங்கச்சியை மெல்லப் புரட்டிக் கட்டுத்துணியை விலக்கினாள்.

“பாருங்க சார். நல்லாப் பாருங்க. பத்து நாளா ஒரு டாக்டர் வரல. அந்தக் கண்ணாடி அலமாரி நிறைய மருந்து இருக்கு. சாவி உங்கள மாதிரி ஆளுங்க வரும்போதுதான் வரும். இந்தப் போர்வை நேத்துதான் வந்துச்சு, நீங்க தெரு முனை திரும்பறதுக்குள்ள உருவிட்டுப் போயிடுவாங்க. ஒருத்தி உயிரோட அழுகறா, அதுக்கு சென்ட் அடிக்கறானுங்க! இந்த லட்சணத்துக்கு விருது ஒரு கேடா? குடுக்கற உங்களுக்காவது வெக்கம் வேணாமா?”

மூச்சு வாங்கியது. பயம் இல்லை, ஆத்திரம்.

கோட்டுக்காரர் முகம் சுளிக்காமல் முழுவதையும் கேட்டார். பிறகு சின்ன நோட்டைத் திறந்து இரண்டு கட்டில்களின் நம்பரையும் எழுதி மூடினார்.

“உங்கள மாதிரி தைரியமாப் பேசறவங்க இங்க வேற யாரும் இருக்காங்களா?”

தையல்காரி திரும்பிப் பார்த்தாள். பத்துத் தலைகளும் தரையைப் பார்த்தன. “எல்லாம் பயந்தாங்கொள்ளிங்க சார். நாங்க ரெண்டு பேருதான்.”

“நிச்சயமா?”

“நிச்சயமா சார்.”

“சரிம்மா, கவலைப்படாதீங்க. நாளைக்கு விடிஞ்சதும் வண்டி வரும். ரெண்டு பேரும் துணிமணி எடுத்து வச்சுக்கங்க.”

“ஆஸ்பத்திரிக்கா சார்?”

“நான் பாத்துக்கறேன்.”

அவ்வளவு நேரம் வராத அழுகை தையல்காரிக்கு அப்போது வந்தது. இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டாள். அவர் படியிறங்கியதும் தங்கச்சியின் கன்னத்தைப் பிடித்து ஆட்டினாள்.

“பாத்தியாடி? உன் பேச்சைக் கேட்டு வாயை மூடிட்டிருந்தா இந்த வண்டி வருமா?”

தங்கச்சி சிரித்தாள். பத்து நாளில் முதல் தடவை.

கீழே, நிர்வாகி அறைக்கதவைச் சாத்தினார். கோட்டுக்காரர் கோட்டைக் கழற்றி நாற்காலியில் வீசினார். நோட்டிலிருந்து அந்தத் தாளைக் கிழித்து நீட்டினார்.

“ரெண்டே பேருதான் மச்சான், நாளைக்கு நிஜக் கமிட்டி வர்றதுக்குள்ள கிளப்பிடு.”