லாரி வரும் நேரம்

"நாளையிலேர்ந்து என் பையனுக்குக் குப்பை லாரியைக் காட்டாதீங்கக்கா."

மாலையில் பிள்ளையைக் கூட்டிப்போக வந்தவள் இப்படிச் சொன்னதும் பொம்மையக்காவுக்குச் சுருக்கென்றது. தன் வீட்டிலேயே நாலைந்து வாண்டுகளைப் பகலெல்லாம் பார்த்துக்கொள்கிறவள் அக்கா. எந்தப் பிள்ளைக்கு எதில் ஆசையோ, அதை வைத்துத்தான் அங்கே விளையாட்டு.

"ஏம்மா? லாரி வந்தா ஜன்னல்ல ஏறி நின்னு கை காட்டுறான். அப்புறம் அட்டைப்பெட்டியில உக்காந்து அவனே ஓட்டுறான். வாயே திறக்காத பிள்ளை இப்பத்தான் நாலு வார்த்தை பேசுது."

"வேற ஏதாவது விளையாட்டு வைங்களேன்."

"குப்பை அள்ளுறவங்கன்னா அவ்வளவு இளப்பமா உனக்கு?"

கேட்ட பிறகுதான் அக்கா கவனித்தாள். வந்தவளின் கண் கலங்கியிருந்தது.

"அந்த லாரியை ஓட்டுறதே நான்தான்க்கா. போன வாரம்தான் இந்தத் தெருவுக்கு மாத்தினாங்க. முகமூடியும் தொப்பியுமா இருக்கிறதால அவனுக்கு அடையாளம் தெரியல. அவன் கை காட்ட, நான் யாரோ மாதிரி தாண்டிப் போறதுக்குள்ள உசிரே போகுது."

அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தெரியாமப் பேசிட்டேம்மா. நாளைக்கு முகமூடியை இறக்கிட்டு நீயும் கை காட்டு."

"அழுவானேக்கா!"

"அழுதா தூக்கி வச்சுக்க நான் இல்லையா?"

மறுநாள் லாரி ஜன்னலோரம் மெல்ல நகர்ந்தது. ஓட்டுகிறவள் முகமூடியை இறக்கிச் சிரித்தாள்.

பயல் அழவில்லை. பக்கத்தில் நின்ற பிள்ளைகளை ஒவ்வொன்றாகப் பிடித்து இழுத்துக் காட்டினான்.

"அது எங்கம்மா! அது எங்கம்மா!"