பழைய தூக்கம்

"மெதுவா பேசுப்பா, அவ தூங்கிகினு கீறா" என்றார் ஜெயவேல்.

தேவிகாபுரம் கோயிலுக்குப் போய்விட்டு ஆரணிக்குத் திரும்பும் பஸ். நடுவழியில் ஏறிப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்த அருணாச்சலம் குரலைத் தாழ்த்திக்கொண்டார். ஆரணியில் மெடிக்கல் ஷாப் வைத்திருப்பவர். ஜெயவேலின் தோளில் சாய்ந்து அவர் மனைவி குணசுந்தரி அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

பஸ் ஒரு பள்ளம் விடாமல் இறங்கி ஏறியது. அவள் அசையவில்லை. ஜெயவேலுக்குப் பெருமை தாங்கவில்லை.

கல்யாணமான புதிதில் இப்படித்தானாம். தறிக்குப் பக்கத்திலேயே பாய் விரித்துத் தூங்குவாளாம். தறிச் சத்தம் நின்றால்தான் விழிப்பாளாம். கும்பகர்ணனுக்குத் தங்கச்சி என்று ஜெயவேலின் அம்மா தெருவெல்லாம் சொல்லிச் சிரிப்பாராம். சினிமாவுக்குப் போனால் இடைவேளைக்குள் தோளில் சாய்ந்துவிடுவாளாம். மீதிக் கதையைத் திரும்பி வரும் வழியெல்லாம் இவர்தான் சொல்ல வேண்டுமாம்.

"எல்லாம் என்னாலதான் கெட்டுச்சு" என்றார் ஜெயவேல்.

தம்பி இறந்த வருஷம் அவருக்குத் தூக்கம் போனது. கொஞ்ச நாளைக்கு என்று டாக்டர் கொடுத்த மாத்திரை வருஷக்கணக்கில் ஒட்டிக்கொண்டது. ஒரு வேளை தவறினாலும் கை நடுங்கும், எல்லோர் மீதும் எரிந்து விழுவார். அவர் தூங்கும்வரை அவளும் விழித்திருப்பாள். பிறகு, மூச்சு ஒழுங்காக வருகிறதா என்று பார்த்துப் பார்த்தே அவள் தூக்கமும் போய்விட்டது.

"இவ தூக்கத்தைக் கெடுத்துட்டோமேன்னுதான்பா வுட்டேன். வேலூர் டாக்டர் பாதி, கால்னு கொறச்சாரு. பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இப்ப ஒரு வருஷம் ஆவுது, தொடல. நான் வுட்டதும் பாரு, இவளுக்குப் பழைய தூக்கம் வந்துடுச்சி. பகல்லயே சாய்ஞ்சிடறா."

சொல்லும்போதே அவர் கண் கலங்கியது. இழந்ததெல்லாம் திரும்பக் கிடைத்துவிட்ட சந்தோஷம். அவள் தலை நழுவாமலிருக்கத் தோளைச் சற்று உயர்த்திக்கொண்டார்.

என்னப்பா, பேச்சையே காணோம் என்று ஜெயவேல் சீண்டினார்.

அருணாச்சலம் தூங்குகிறவளின் முகத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"ஒரு வருஷமாவாண்ணே? முந்தாநாள்கூட உங்க பழைய டாக்டர் சீட்டைக் காட்டி, உங்களுக்குன்னு சொல்லி அண்ணி அதே மாத்திரை வாங்கினு போனாங்களே."